அக்கா அழுததை நான் பாடினேன்

1

மலேசியாவில் நாங்கள் குடியிருக்கும் கிள்ளான் ஊரிலிருந்து பார்த்தால் ஶ்ரீவில்லிபுத்தூர் வடமேற்கே இருக்கிறதாம். படித்த ஒருவர் கணக்குப் பார்த்துச் சொன்னார். அந்தத் திசையில் கோயில் தாயாரை நினைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இதை எழுத உட்காருகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன் நான். எழுத்துப்பிழை இருந்தால் பெரியவர்கள் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

நம் பஜனை மடத்து வெள்ளிவிழா மலருக்கு என்னைப் பற்றி நானே எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ‘கடல் கடந்து நம் ஊர் இசையைப் பரப்பியவர்’ என்று தலைப்பும் நீங்களே வைத்துவிட்டீர்கள். ஆர்மோனியத்தோடு ஒரு புகைப்படமும் வேண்டுமாம். என்னிடம் ஆர்மோனியம் இல்லை. நான் இசையைப் பரப்பவும் இல்லை. பாடியதில் ஒன்றே ஒன்று தானாகப் பரவியது. அது எது என்று உங்களுக்குத் தெரியும். யாருடையது என்றுதான் தெரியாது.

இங்கே என் பிழைப்பு ஒரு சாப்பாட்டுக் கடையின் கல்லாவில். காலையில் குளித்து, நெற்றிக்கு இட்டு, படத்துக்கு முன்னால் செத்த நேரம் நின்றுவிட்டுக் கிளம்புவேன். கடையில் கூட்டம் வரும்போது எழுந்து பார்சலும் கட்டுவேன். மனைவி சரோஜா இந்த நாட்டிலேயே பிறந்தவள், ரப்பர் தோட்டத்துக் குடும்பம். மகள் வைதேகிக்குப் பத்து வயது. மகன் அவளுக்கு இளையவன். இரண்டு பேரும் என்னிடம் தமிழில் ஆரம்பித்து மலாயில் முடிப்பார்கள். சண்டை என்று வந்தால் இங்கிலீஷ். என்னிடம் அவர்களுக்குக் கேட்க ஒன்றும் இருந்ததில்லை. கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணுகிறவரிடம் பிள்ளைகள் எதைக் கேட்பார்கள்?

போன வருஷம் எங்கள் வரிசையில் ஒரு பெரியவர் தவறிப்போனார். காலையிலேயே ஒலிபெருக்கி வைத்துவிட்டார்கள். நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வைதேகி வெளியிலிருந்து ஓடி வந்தாள்.

“அப்பா! அந்த வீட்டு ஸ்பீக்கர்ல பாடுறது உங்க குரல்லா!”

இல்லை என்று சொல்லப் பார்த்தேன். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

“யாரு எழுதினது? நீங்களா?”

அந்தப் பிள்ளை என்னை அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. கண்ணெல்லாம் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டு, “ஆமாம்மா” என்று சொல்லிவிட்டேன். அவள் அந்த வீட்டிலிருந்தே கேசட்டைக் கேட்டு வாங்கி வந்து, நான் கடையில் இருக்கும் நேரத்தில் போட்டுப் போட்டுக் கேட்டு, முழுதும் மனப்பாடம் செய்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் ஏன் என்று கேட்பாள்.

2

என் உடன்பிறந்தவள் ஒருத்திதான், அக்கா குருவம்மாள். அவளைக் கட்டியவர் முத்தையா மச்சான், இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மிஷின் ஓட்டினவர். எனக்குப் பாட்டில் ஆசை என்று தெரிந்து பழைய ஆர்மோனியம் ஒன்றை எங்கேயோ பிடித்து வந்து கொடுத்தவர் அவர்தான். மார்கழி மாதம் நம் மடத்துக்குப் பாட வரும்போது அந்தப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி ஶ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் மிதிப்பார். நான் முன்னால் பாரில் உட்கார்ந்திருப்பேன். வன்னியம்பட்டி தாண்டும்போது, “மாப்ள, தொண்டையில பனி எறங்கிராம துண்டச் சுத்திக்கோ” என்பார். பாடத் தெரியாத மனுஷர். கேட்க மட்டும் நன்றாகத் தெரியும்.

மில்லை விட்டு வந்தால் அவர் தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அப்படியே உள்ளே வரமாட்டார். வாசலில் நின்று தலையைக் குனிவார். அக்கா அடுப்படியிலிருந்து வந்து முந்தானையால் தட்டிவிடுவாள். பொறவுதான் செருப்பைக் கழற்றுவார். தெருவில் எல்லா மில்காரர் வீட்டிலும் நடப்பதுதான். நான் அதை ஒரு விஷயமாகவே பார்த்ததில்லை.

மச்சான் மில்லிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது தென்காசி ரோட்டில் லாரியில் அடிபட்டு இறந்தார். அவர்கள் மகள் செல்விக்கு அப்போது நடை பழகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. உடம்பைக் கொண்டுவந்து கிடத்தியபோது அவர் தலையில் பஞ்சு இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் அழ ஆரம்பித்தாள். வாசலில் நிற்பது, குனிவது, தட்டிவிடுவது, இதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதாள். என்ன வார்த்தையில் சொன்னாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இரண்டாம் தடவை எடுத்ததாகிவிடும்.

ஆம்பிளைகளோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானும் அழுதேன். அது நிஜம். பெருமாள் அறிய நிஜம். ஆனால் என் காது மட்டும் அழவில்லை. அது பாட்டுக்கு ஒவ்வொரு வரியும் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. மச்சானைத் தூக்கும்போது அத்தனையும் எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

3

நான் எந்தக் கம்பெனியிலும் பாடினவன் இல்லை. சொந்தமாகப் பாட்டுக் கட்டி, சொந்தச் செலவில் தாயார் மேல் ஒரு கேசட் போட்டிருந்தேன். அது பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெபராஜ் அண்ணாச்சி கடையில் தூசி படிந்து கிடந்தது. அண்ணாச்சி வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், நல்ல மனுஷர், வியாபாரி. மச்சான் போய் ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது கூப்பிட்டார்.

“தம்பி, சாமிப் பாட்டு நம்ம நாட்டுல பாடாத ஆளே கெடையாது. கேத வீட்டுக்குப் போடத்தான் கேசட்டு இல்ல. மைக்செட்டுக்காரன் பூரா வந்து கேக்கான். நீ ஒன்னு பாடேன்.”

“நான் பெருமாள் பாட்டு பாடுதவன் அண்ணாச்சி. ஆம்பள எப்படி ஒப்பாரி பாடுவான்?”

“உங்க பெருமாள் வேண்டாம்னா சொன்னாரு? செத்தவனைக் கூட்டிட்டுப் போறதும் அவருதான? தாயார் கேசட்டு எம்புட்டு போயிருக்குன்னு அந்த அலமாரியப் பாரு. பாத்துட்டுச் சொல்லு.”

பார்த்தேன். பாடுகிறேன் என்றேன்.

எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். கேத வீட்டில் அழுகிற வார்த்தைக்குச் சொந்தக்காரர் யார்? ஒருத்தி அழுத வரியை அடுத்த வீட்டுக் கேதத்தில் இன்னொருத்தி அழுகிறாள். ஊரில் எல்லாரும் எடுத்து எடுத்துக் கொடுப்பதுதானே என்று நினைத்தேன். அதில் இருக்கிற வித்தியாசம் எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. ஒருத்தி இன்னொருத்தியின் வரியை எடுத்தால், கழுத்தைக் கட்டிக்கொண்டு தன் வீட்டுச் சாவை நினைத்து அழுகிறாள். நாளைக்கு இவள் வீட்டில் ஒன்று என்றால் அவளும் வந்து அழுவாள். நான் யார் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்? மைக்கை.

தாயார் தான் சூடிய மாலையைத் தானே கழற்றிக் கொடுத்தாள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பாடினவன் நான். அக்கா எதையும் கழற்றிக் கொடுக்கவில்லை.

அண்ணாச்சி கடைக்குப் பின்னால் ஒரு அறை. ரோட்டுச் சத்தம் உள்ளே வராமல் இருக்க மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு மூட்டைகளை வாங்கிச் சுவரோரம் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தார். பகல் முழுக்க அதற்குள் நின்று பாடினேன். ஒரு தபேலா, ஒரு உறுமி, என் ஆர்மோனியம். பாடும்போது கண்ணீர் வந்தது. தபேலாக்காரர், “எம்புட்டு உருக்கமா பாடுதீரு!” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வெளியே வந்தாள்.

“எங்கலே போன? தலையெல்லாம் பஞ்சு.”

சொல்லிக்கொண்டே முந்தானையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள். இரண்டு தட்டுதான். கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே போய்விட்டாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். கேசட் அச்சுக்கு இன்னும் போகவில்லை. ‘வேண்டாம்லே’ என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். அது தெரிந்துதான் நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே போய்க் காப்பி கேட்டேன். போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

4

மில் ஊர் நம் ஊர். பஞ்சு ஒட்டிய தலையோடு வாசலில் நிற்கும் ஆள் இல்லாத தெரு கிடையாது. அந்தக் கேசட் ஏன் அப்படிப் போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இராஜபாளையத்தில் ஒரு சாவு என்றால் முதலில் பந்தல்காரர், அடுத்து மைக்செட், அதற்கடுத்து என் குரல்.

அக்கா முதலில் கேட்டது ஒரு கேத வீட்டில்தான். வன்னியம்பட்டியில் தூரத்து உறவில் ஒரு சாவு. நாலு பெண்களோடு சேர்ந்து உள்ளே நுழைகிறாள், தலைக்கு மேலே ஒலிபெருக்கிக் குழாயில் அவள் புருஷனுக்கு அவள் அழுத அழுகை கேட்கிறது. ஆம்பிளைக் குரலில், தபேலாவோடு. உள்ளே போகாமல் அப்படியே திரும்பி பஸ் ஏறிவிட்டாளாம்.

அப்போது அவள் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மறுநாள் அங்கே துணி மடிக்கும்போது ஒருத்தி விளையாட்டாகக் கேட்டிருக்கிறாள்.

“ஏட்டி குருவு, உம்புருசன் போனதுல உன் தம்பிக்கு ஒரு கேசட்டு வந்துட்டு பாத்தியா?”

எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அக்கா அன்று வேலை விட்டு நேராக என்னிடம் வந்தாள். கையிலும் புடவையிலும் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. நின்றுகொண்டே கேட்டாள்.

“ஏலே, நான் என்ன பாட்டா பாடுனேன்? அழுதேன்லே.”

அம்புட்டுதான். அதற்குமேல் வெகுகாலத்துக்கு என்னோடு பேசவில்லை.

நான் அண்ணாச்சியிடம் ஓடினேன். விற்பதை நிறுத்தச் சொன்னேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “நான் நிப்பாட்டுதேன் தம்பி. கோவில்பட்டிக்காரன், தென்காசிக்காரன்லாம் காப்பி போட்டு விக்கான். அவங்க வீட்டு வாசல்ல போயி நிப்பியா? காத்துல போன சத்தத்தக் கையில பிடிச்சுக் கொண்டாரச் சொல்லுத.”

அடுத்த வருஷம் செல்விக்குக் குலசாமி கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். இது நம் பக்கத்தில் யாரும் மாற்றாத முறை. நான் புதுத்துணி, கம்மல், பழத்தட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அம்மா என்னை மணையில் உட்காரச் சொன்னாள். நான் உட்காரப் போகும்போது அக்கா எங்கள் பெரியப்பா மகன் ராமரைக் கூப்பிட்டாள்.

“ராமரு, நீ வந்து உக்காரு.”

அவன் தயங்கினான். “கூடப்பொறந்தவன் நிக்கையில நான் எதுக்கு? ஏலே சீனி, நீ உக்காருடா.”

“அவிய பாட்டுக்காரவிய” என்றாள் அக்கா, எல்லாருக்கும் கேட்கும்படி. “புள்ள காது குத்தையில அழும். அதையும் கேட்டு வச்சுக்கிட்டு ராகம் போட்டுருவாக. நீ உக்காரு.”

கோயில் வாசலில் யாரோ சிரித்தார்கள். ராமர் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். செல்வி வீரிட்டு அழுதாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் நின்றேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மார்கழிக்கு நம் மடத்தில் நான் முதல் பாட்டு எடுத்தபோது, “சீனி பாடுனா கேத வீட்டு ஞாபகம்லா வருது, காலங்காத்தால எதுக்கு?” என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் மறுத்துப் பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து என்னைக் கூப்பிடவில்லை. கல்யாண வீட்டுக்கும் கூப்பிடவில்லை, கோயில் கொடைக்கும் கூப்பிடவில்லை. ஆர்மோனியத்தை விற்றுவிட்டு, தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் கிள்ளானுக்குக் கடை வேலைக்கு வந்தேன். இசையைப் பரப்ப வந்ததாக மலரில் போடுவது உங்களுக்கே நன்றாக இருக்கிறதா?

5

நான் வந்து இறங்குவதற்கு முன்பே கேசட் இங்கே வந்து இறங்கியிருந்தது. கடைக்குச் சாப்பிட வந்த ஒருவர் என் பேச்சுக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். “எங்கப்பா சாவுக்கு உங்க பாட்டுதான் அண்ணே” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கேட்டது இட்லியா தோசையா என்றுதான்.

சரோஜாவைக் கட்டிய பிறகு இந்த நாட்டிலேயே தங்கிவிட்டேன். வருஷத்துக்கு ஒருதரம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். பாஸ்போர்ட்டை ஆபீசில் கொடுத்துவிட்டால் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, எல்லாருக்கும் அப்படித்தான். அப்படி அது உள்ளே கிடந்த சமயத்தில்தான் அம்மா போய்விட்டாள் என்று ஊரிலிருந்து செய்தி வந்தது.

ஓடினேன். கவுண்டரில் ஒரு மலாய் அம்மாள். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், என் அம்மா ‘மத்தி’ என்றேன். செத்துவிட்டாள் என்பதற்கு எனக்குத் தெரிந்த சொல் அதுதான். கடையில் மீன் செத்தாலும் கோழி செத்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக, “அம்மாவுக்கு அப்படிச் சொல்லாதே, ‘மெனிங்கால்’ என்று சொல்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்த் தேடினாள். பாஸ்போர்ட் வேறு ஊர் ஆபீசுக்குப் போயிருந்தது. கிடைத்தபோது ஊரில் காரியமே முடிந்துவிட்டது.

சாவுக்கு என்ன வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது. அதை நினைத்துப் பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். அது சிரிப்பு இல்லை.

6

இந்த வருஷம் கடைப் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது.

“மாமா, நான் செல்வி பேசுதேன். எனக்குக் கல்யாணம். அம்மா ஒங்களக் கூப்பிடச் சொல்லல. நானாத்தான் கூப்பிடுதேன். மீட்டர் ஓடுது, சட்டுனு சொல்லுங்க. வருவீகளா?”

வருகிறேன் என்றேன். பாஸ்போர்ட் கையில் இருந்த மாதம் அது. தாயார் கருணை. அக்கா மாமன் மாலை போடுகிற உரிமையை எனக்குக் கொடுப்பாளா, மறுபடியும் ராமரைக் கூப்பிடுவாளா என்பது ஒன்றுதான் விமானத்தில் எனக்கு யோசனை. வைதேகியையும் கூட்டிப் போயிருந்தேன். அத்தை முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை.

வாசலில் அக்கா, “வாங்க” என்றாள். “பிரயாணம் சௌகரியமா?” என்று கேட்டாள். வேற்றாளைக் கேட்பதுபோல. தலை நரைத்திருந்தது. பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பெண்கள் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார்கள். வைதேகியும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் சிரிப்பு.

“ஏட்டி மலேசியாக்காரி, ஒங்கப்பா பாட்டுக்காரருல்லா. நீயும் ஒன்னு பாடு பாப்பம்.”

அவள் எழுந்து நின்று, பள்ளிக்கூட மேடையில் நிற்பதுபோலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாடினாள். அவளுக்கு முழுதாகத் தெரிந்த தமிழ்ப் பாட்டு அது ஒன்றுதான்.

நான் வாசல் பந்தலில் இருந்தேன். எழுந்து ஓடுவதற்குள் பஞ்சு என்ற சொல் வந்துவிட்டது. பூத் தொடுத்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

“ஐயையோ, நிப்பாட்டு! கல்யாண வீட்டுல எதப் பாடுது பாரு இது!”

“வெளிநாட்டுல வளத்த லட்சணம்.”

“விளக்கேத்துங்கட்டி மொதல்ல, விளக்கேத்துங்க.”

பிள்ளைக்கு என்ன தப்பு செய்தோம் என்று புரியவில்லை. உதடு பிதுங்கிவிட்டது. அக்கா அடுப்படியிலிருந்து வந்தாள். “விடுங்க. பச்சப் புள்ளைக்கு என்ன தெரியும்?” என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் பிள்ளையின் முகத்தைக் கழுவிவிட்டுக்கொண்டே அக்கா கேட்டாள்.

“யாரு தாயி சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல அத்தை. கேசட் கேட்டுப் படிச்சேன். அப்பா எழுதின பாட்டு. நல்லாத்தானே இருக்கு?”

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

“அப்படியாலே?”

“இல்லம்மா” என்றேன், பிள்ளையைப் பார்த்து. “அத்தை வீட்டுக்காரர் செத்தப்ப அத்தை அழுதது அது. நான் எடுத்துக்கிட்டேன்.”

“கேட்டு எடுத்தீங்களா?”

“கேக்கல.”

வைதேகி என் பக்கமிருந்து நகர்ந்து போய் அத்தை மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

அக்கா அவளை அணைத்துக்கொண்டாள். பிறகு பேசினாள், சண்டை போடுவதுபோல இல்லை, நடந்ததைச் சொல்வதுபோல.

“அம்மா செத்தப்ப நீ வரலை. நான்தான் பக்கத்துல இருந்தேன். அவ மேல விழுந்து அழுவோம்னு வாயத் தொறக்கேன், மேல குழாயில நீ பாடுத. மைக்செட்டுக்காரன் அவம்பாட்டுக்குப் போட்டுட்டான். ‘மகன்தான் வரல, சத்தமாவது வந்துச்சே’ன்னு எல்லாரும் சொல்லுதாக. வந்த பொம்பளைக பூரா கூடவே பாடுதாளுக. எனக்கு ஒத்த வார்த்த வரலலே. எங்கிட்ட இருந்தது அம்புட்டையும் நீ எடுத்துட்டுப் போயிட்ட. பெத்தவளுக்கு அழாதவன்னு இன்னைக்கும் ஊருல எனக்குப் பேரு.”

“நான் என்ன செய்யட்டும், சொல்லுக்கா.”

“நீ ஒன்னும் செய்ய வேண்டாம். நாளைக்கு மாமன் மாலைய நீயே போடு. செல்வி ஆசப்படுதா. அது அவளுக்காக.” பிள்ளையின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். “எனக்காக ஒன்னு கேக்கேன். நான் போற அன்னைக்கு அத யாரும் போட்டுறக் கூடாது. செத்துக் கெடக்கையில எந்திரிச்சு வந்து நிப்பாட்ட முடியாதுல்லா? நீ வந்து நிப்பாட்டணும். வருவியா?”

“வருவேன்க்கா.”

“அம்மாவுக்கே நீ வரல” என்று சொல்லிவிட்டு, வைதேகியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் செல்விக்கு மாமன் மாலையை நான்தான் போட்டேன். ஊர் பார்க்கப் போட்டேன். அக்கா அந்த நேரம் பந்திக்கு இலை பார்க்கப் போயிருந்தாள்.

7

திரும்பி வந்து மாதங்கள் ஆகின்றன. பாஸ்போர்ட் மறுபடியும் ஆபீசுக்குப் போய்விட்டது. வைதேகி கேசட்டை அந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் சொல்லவில்லை, அவளாகவே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதிலிருந்து என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

இதை எழுதுவதற்கு முன்னால் செல்வி வீட்டுக்குப் போன் செய்து, அக்காவைக் கூப்பிடச் சொல்லி, எழுதலாமா என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன். “நான் அழுதத எழுதாத. மத்தத எழுதிக்கோ” என்றாள். எழுதிவிட்டேன். உயிரோடு இருக்கிறவளின் சாவைப் பற்றி வெள்ளிவிழா மலரில் போடுவதா என்று உங்களுக்குத் தோன்றும். என் படத்துக்கு ஒதுக்கிய இடத்தில் போடுங்கள். அம்மாவுக்கு வர முடியாதவன் அக்காவுக்கு வந்துவிடுவேன் என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. அதனால்தான் ஊரைக் கேட்கிறேன்.

மைக்செட் வைத்திருக்கும் அண்ணாச்சிமார், தம்பிமார், பந்தல்காரர்கள் எல்லாருக்கும் இது. பெருமாள் அவளுக்கு நீண்ட ஆயுசு கொடுக்கட்டும். ஆனால் ஒருநாள், பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போன குருவம்மாள் தவறிவிட்டாள் என்று செய்தி வரும். பந்தல் போடுங்கள், நாற்காலி போடுங்கள். குழாய் கட்ட வேண்டாம். யாராவது பழக்கத்தில் அந்தக் கேசட்டைக் கையில் எடுத்தால் பிடுங்கி வையுங்கள். செல்வி அவள் அம்மாவுக்கு என்ன வருமோ அதைச் சொல்லி அழட்டும். ஒன்றும் வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கட்டும். நான் அங்கே வந்து சேர்ந்தாலும் சேராவிட்டாலும், என் குரல் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது.